வீட்டு சர்வருக்கு ரேமும் டிஸ்க்கும் தேர்ந்தெடுப்பது எப்படி: ப்ராக்ஸ்மாக்ஸ் போடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டு சர்வருக்கு ப்ராசஸர் வாங்குவதில் பெரிதாகத் தப்பு நடக்காது. அலுவலகங்கள் கழித்துக்கட்டுகிற எட்டாம் தலைமுறை ஐ5 மினி பிசி கூட ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட உதவும் மென்பொருள்) போட்டால் ஏழெட்டு விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிவிடும். காசு வீணாவதும் ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாம் உறைந்து நிற்பதும் ரேமிலும் டிஸ்க்கிலும்தான்.

என் முதல் சர்வரில் ஒரே ஒரு மலிவு என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி வகை) இருந்தது. பெட்டியில் நொடிக்கு 3,500 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் விண்டோஸ் விஎம் அப்டேட் எடுக்க ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடம், 'நெட் வரலையே' என்று கூடத்திலிருந்து குரல். நெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு ஃபோன்கள் எல்லாவற்றுக்கும் டிஎன்எஸ் பார்க்கிற, அதாவது இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தருகிற, பை-ஹோலும் அதே டிஸ்க்கில் இருந்ததால், அது தன் முறை வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் சிபியூ 12 சதவீதத்தில் சும்மா கிடந்தது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் ஐஓ டிலே கோடு மட்டும் 60ஐத் தாண்டி நின்றது.

பெட்டியில் இருக்கும் அந்த வேக எண்ணை நம்பி வீட்டு சர்வருக்கு டிஸ்க் வாங்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள், அதற்கு முன்னால் ரேம் கணக்கு ஒன்று இருக்கிறது.

முதல் வேலை: ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்

எதை எல்லாம் ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதாமல் கடைக்குப் போகாதீர்கள். என் வீட்டுப் பட்டியலையே தருகிறேன். ப்ராக்ஸ்மாக்ஸுக்கே 2 ஜிபி. பை-ஹோல் கண்டெய்னருக்கு (விஎம்மை விட இலகுவான தனி அறை) அரை ஜிபி, அதிலும் பாதி மிச்சம். வீட்டு விளக்கு, சென்சார்களைக் கவனிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் விஎம் 2 ஜிபி. ஃபோட்டோக்களுக்கு இம்மிச் 6 ஜிபி. முகம் கண்டுபிடிக்கிற வேலை ஓடும்போது அதற்குக் குறைந்தால் தடுமாறுகிறது. படம் பார்க்க ஜெல்லிஃபின் 2 ஜிபி. ஃபைல் ஷேர் செய்யும் சாம்பா கண்டெய்னர் அரை ஜிபி. அப்பாவின் கடைக் கணக்குக்காக டேலி ஓடுகிற விண்டோஸ் 11 விஎம் 8 ஜிபி. நான் எதையாவது போட்டு உடைத்துப் பார்க்க ஒரு சோதனை விஎம் 4 ஜிபி.

கூட்டினால் 25 ஜிபி. இதற்கு மேல், டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்தினால் அதன் படிப்பு கேஷ், அதாவது ஏஆர்சி, தன் பங்கைக் கேட்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது இதற்கு மொத்த ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு வைத்துவிடுகிறது. 32 ஜிபி மெஷினில் அது 3.2 ஜிபி. ஆக 28 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 32 ஜிபி போதும், ஆனால் இறுக்கமான சட்டைதான்.

பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் செய்துகொண்டே வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்பெல்லாம் இந்த வரம்பு ரேமில் பாதி. அப்கிரேட் செய்வதால் அது தானாக மாறாது. 'ஒன்றுமே ஓட்டவில்லை, 16 ஜிபி எங்கே போனது' என்று குழம்புகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். வரம்பைக் கையால் குறைத்து எழுதி, ப்ராக்ஸ்மாக்ஸே இசட்எஃப்எஸில் இருந்தால் பூட் இமேஜையும் புதுப்பித்துவிட்டு, ரீபூட் செய்யுங்கள்.

ஒரு டிபி டிஸ்க்குக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்று ஒரு பழைய வாய்ப்பாடு உலவுகிறது. வீட்டுக்கு அதை மறந்துவிடுங்கள். நகல் நீக்கும் டீடூப் வசதியைப் போட்டால்தான் இசட்எஃப்எஸ் ரேமை விழுங்கும். வீட்டில் அதைப் போடவே வேண்டாம்.

இருப்பதற்கு மேல் ரேமைப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாதா என்றால், முடியும். பலூனிங் என்ற வசதி விஎம் பயன்படுத்தாத ரேமைத் திருப்பி வாங்கும். கேஎஸ்எம் என்பது பல விஎம்களில் ஒரே மாதிரி இருக்கும் நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கும். இரண்டும் ஹோஸ்டின், அதாவது சர்வரின், ரேம் 80 சதவீதத்தைத் தொட்ட பிறகே வேலையைத் தொடங்கும். ஆனால் ஒரு விஎம்முக்கு கிராஃபிக்ஸ் கார்டையோ வேறு பிசிஐ கார்டையோ நேரடியாகக் கொடுத்துவிட்டால், அதற்கு ஒதுக்கிய ரேம் முழுவதும் பூட்டப்பட்டுவிடும். பலூன் அங்கே ஊதாது. இந்த இரண்டையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அவசரத்துக்கு உதவுகிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கனம் உண்டு. லினக்ஸில் ஓடக்கூடிய சின்னச் சேவைகளைத் தனித்தனி விஎம்மாக வைக்காமல் எல்எக்ஸ்சி கண்டெய்னராக வையுங்கள். ஒவ்வொரு விஎம்மும் தனிக் கர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தனிக் கேஷும் வைத்துக்கொள்ளும். கண்டெய்னர்கள் ஹோஸ்டின் கர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. என் பட்டியலில் நான்கு சேவைகளை இப்படி மாற்றியதில் ஒரு ரேம் குச்சியே மிச்சமானது.

எந்த ரேம்?

அளவு முடிவானதும் வகை. மினி பிசிக்கு லேப்டாப்பில் வரும் சோடிம். டவருக்கு சாதாரண யூடிம். சர்வர் போர்டுக்கு ஆர்டிம். இந்தக் கடைசியில்தான் நான் விழுந்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 32 ஜிபி டிடிஆர்4 குச்சி பாதி விலைக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து டெஸ்க்டாப் போர்டில் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷின் மட்டும் எழுந்திருக்கவில்லை. டிடிஆர்4இல் ஆர்டிம், யூடிம் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் வெட்டு. செருக முடியும், ஓடாது. டிடிஆர்5இல் வெட்டின் இடத்தை மாற்றிவிட்டதால் செருகவே முடியாது, ஒருவிதத்தில் அது நல்லது.

கடையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குச்சியின் லேபிளில் பிசி4 என்று தொடங்கி 2400 அல்லது 2666 போன்ற எண் வரும். அதை அடுத்து ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு ஓர் ஆங்கில எழுத்து. 'யூ' இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். 'எஸ்' இருந்தால் சோடிம். 'ஈ' இருந்தால் பிழை திருத்தும் ஈசிசி வகை யூடிம். 'ஆர்' இருந்தால் ஆர்டிம். அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களிடம் சர்வர் போர்டு இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு ஸ்லாட் மட்டும் இருக்கும் மெஷினில் 16 ஜிபி குச்சி இரண்டு வாங்குவதை விட 32 ஜிபி குச்சி ஒன்று வாங்கி மற்ற ஸ்லாட்டைப் பின்னால் கூட்டிக்கொள்ளக் காலியாக விடுவதையே நான் சொல்வேன். டூயல் சேனல், அதாவது இரண்டு குச்சியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேகம், போய்விடுமே என்பார்கள். போகும்தான். கேம் ஆடுகிறவருக்கும் உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கும் அது வலிக்கும்; பை-ஹோலுக்கும் சாம்பாவுக்கும் தெரியக்கூடத் தெரியாது. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, இருக்கும் குச்சியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரியது வாங்குவது இன்னும் கசப்பான வேலை ஆகிவிட்டது.

இன்டெல் என்100 சிப் வைத்த குட்டிப் பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு: அதில் மெமரி சேனல் ஒன்றுதான், இன்டெல் தரும் அதிகாரப்பூர்வ உச்சவரம்பு 16 ஜிபி. 32 ஜிபி போட்டு ஓட்டுபவர்கள் நிறைய உண்டு. ஆனால் அது கம்பெனி கொடுத்த உத்தரவாதம் இல்லை; திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால் மட்டும் முயலுங்கள்.

ஈசிசி பற்றி இணையத்தில் ஒரு மதச்சண்டையே நடக்கிறது. இசட்எஃப்எஸ் போட்டால் ஈசிசி கட்டாயம், இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்பது மிகை. எந்த ஃபைல் சிஸ்டமாக இருந்தாலும் கெட்டுப்போன ரேம் கெடுதல்தான். இசட்எஃப்எஸுக்கு மட்டும் தனி ஆபத்து எதுவும் இல்லை. புதிதாக டவர் கட்டுகிறீர்கள், போர்டும் ப்ராசஸரும் ஈசிசியை ஏற்கின்றன என்றால் போடுங்கள். ஏஎம்டி ரைசனில் கிராஃபிக்ஸ் இல்லாத டெஸ்க்டாப் சிப்கள் பெரும்பாலும் ஏற்கும், போர்டும் ஒத்துழைக்க வேண்டும். இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை டபிள்யூ680 சிப்செட் போர்டு தேடவேண்டியிருக்கும், விலை கடிக்கும். டிடிஆர்5 எல்லாவற்றிலும் ஈசிசி இருக்கிறது என்று சொல்லும் விற்பனையாளரிடம் தலையாட்டிவிட்டு வாருங்கள். அது சிப்புக்குள்ளேயே நடக்கும் திருத்தம். ரேமிலிருந்து ப்ராசஸர் வரை போகும் வழியை அது காப்பதில்லை.

டிஸ்க்கை வேலை பார்த்துப் பிரியுங்கள்

வீட்டு சர்வரில் டிஸ்க்குக்கு மூன்று வேலைகள். ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்றுவது. விஎம்களையும் கண்டெய்னர்களையும் தாங்குவது. ஃபோட்டோ, சினிமா, பேக்கப் போன்ற கனத்த சரக்கைச் சேர்த்து வைப்பது. முதல் இரண்டும் ஒரே எஸ்எஸ்டியில் இருந்தால் வீட்டுக்குத் தப்பில்லை. மூன்றாவதை மட்டும் தனியாக ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

விஎம்களை ஏன் ஹார்ட் டிஸ்க்கில் வைக்கக் கூடாது? நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி நொடி ஆகும். நொடிக்கு 120 சுற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் தரவுகளை எடுக்கச் சொன்னால் நொடிக்கு நூறு முறை எட்டிப்பிடிப்பதே அதற்குப் பெரிய காரியம். அந்த நூறை ஏழு விஎம்கள் பங்குபோட்டால் ஆளுக்குப் பதினான்கு. விண்டோஸ் 11 ஒன்று போதும் அத்தனையையும் விழுங்க.

எஸ்எஸ்டியில் பார்க்க வேண்டியது

சரி, பெட்டியில் இல்லாத அந்த எண்ணுக்கு வருவோம். டேட்டாபேஸ்கள், விஎம்களுக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டங்கள் எல்லாம் முக்கியமான ஒன்றை எழுதியதும் டிஸ்க்கிடம் 'நிஜமாகவே எழுதியாச்சா?' என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கும். இதற்கு எஃப்சிங்க் என்று பெயர். சாதாரணமாக எழுதுவது கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவது மாதிரி. எஃப்சிங்க் என்பது பதிவுத் தபால். பெற்றவர் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த வேலை.

வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் சின்ன கேஷில் வாங்கிவைத்துவிட்டு 'ஆச்சு' என்று சொல்ல முடியாது. அந்த நொடியில் மின்சாரம் போனால் கேஷில் இருப்பது காலி. ஆகவே ஃப்ளாஷ் வரை போய் எழுதிவிட்டு வந்துதான் பதில் சொல்லும். சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டியில் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். மின்சாரம் போனாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்கிற அளவுக்கு அவற்றில் சக்தி இருக்கும். அந்தத் தைரியத்தில் அது உடனே கையெழுத்துப் போட்டுவிடும். இதைத்தான் பிஎல்பி, மின்தடைப் பாதுகாப்பு என்கிறார்கள். பெயர் பாதுகாப்பைச் சொன்னாலும் வீட்டு சர்வரில் நீங்கள் உணரப்போவது வேகத்தை.

ப்ராக்ஸ்மாக்ஸிலேயே பிவிஇபெர்ஃப் என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டினால் நொடிக்கு எத்தனை எஃப்சிங்க் என்று ஓர் எண் தரும். என் பழைய மலிவு டிஸ்க் நானூறுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு போட்ட பழைய சர்வர் சாட்டா எஸ்எஸ்டி, பெட்டி வேகம் நொடிக்கு வெறும் 550 எம்பி உள்ளது, பல ஆயிரத்தைக் காட்டியது. 'மெதுவான' டிஸ்க்கைப் போட்ட பிறகுதான் வீட்டில் நெட் நிற்பது நின்றது.

எதைத் தேடுவது? 2.5 இஞ்ச் சாட்டா இடம் இருந்தால் வேலை சுலபம்: சாம்சங் பிஎம்893, மைக்ரான் 5300 அல்லது 5400, இன்டெல் எஸ்4510 போன்றவை. பழைய சந்தையில் தேடினால் கிடைக்கும். எம்.2 ஸ்லாட் மட்டும் இருந்தால் நீளத்தைப் பாருங்கள். சர்வர் எம்.2 டிஸ்க்குகளில் பல 110 மில்லிமீட்டர் நீளம். மினி பிசியில் 80க்குத்தான் இடம். 80 மில்லிமீட்டரில் பிஎல்பியோடு வருபவற்றில் கிங்ஸ்டன் டிசி1000பி ஒன்று. 480 ஜிபிக்கு மேல் அதில் கிடையாது, அதனால் முதல் இரண்டு வேலைக்கு மட்டும்.

பிஎல்பி கிடைக்கவே இல்லை, பட்ஜெட்டும் இடம் தரவில்லை என்றால், குறைந்தது டிராம் கேஷ் உள்ள டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) டிஸ்க் வாங்குங்கள். கியூஎல்சி வேண்டவே வேண்டாம். அதில் ஒரு செல்லில் நான்கு பிட்டை அடைப்பதால் எழுதுவது மெதுவாகிறது. அந்த மெதுவை மறைக்க முன்னால் ஒரு வேகமான கேஷ் வைத்திருக்கிறார்கள். கேஷ் நிறைந்ததும் வேஷம் கலையும். சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி டிஸ்க்கின் விவரத்தாளிலேயே, கேஷ் தீர்ந்த பிறகு எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கே இதைவிட வேகமாக எழுதும். ஒரு விஎம்மை பேக்கப்பிலிருந்து மீட்கும் நாளில்தான் இது தெரியவரும். அந்த நாளில் தெரிந்து என்ன பயன்.

அடுத்து ஆயுள். டிபிடபிள்யூ என்ற எண், எத்தனை டிபி எழுதும்வரை உத்தரவாதம் என்று சொல்கிறது. சாம்சங் 990 ப்ரோ 1 டிபிக்கு 600. டபிள்யூடி ரெட் எஸ்என்700 1 டிபிக்கு 2,000. சர்வர் டிஸ்க்குகளில் டிடபிள்யூபிடி என்று போடுவார்கள். ஒரு நாளைக்கு முழு டிஸ்க்கை எத்தனை தடவை எழுதலாம் என்பது அது. 960 ஜிபி டிஸ்க்குக்கு ஐந்து வருடத்துக்கு 1 என்றால் 1,752 டிபி.

ப்ராக்ஸ்மாக்ஸ் டிஸ்க்கை ஆறே மாதத்தில் கொன்றுவிடும் என்ற பயம் எங்கும் பரவிக்கிடக்கிறது. பாதி உண்மை. தன் அமைப்புகளையும் கிராஃப்களையும் அது ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பது நிஜம். ஆனால் 600 டிபியை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் நாளைக்கு 328 ஜிபி வருகிறது. சராசரி வீடு அதன் பக்கத்தில்கூடப் போகாது. யூகிக்காமல் அளந்துவிடுங்கள். என்விஎம்இ டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலில் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) 'எழுதிய டேட்டா யூனிட்' என்று ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட் 5,12,000 பைட். இன்று குறித்துவைத்து நாளை இதே நேரம் பாருங்கள். வித்தியாசம் 1,00,000 என்றால் ஒரு நாளில் 51.2 ஜிபி எழுதியிருக்கிறீர்கள். 328ஐத் தொடுகிறது என்றால் ஏதோ ஒரு விஎம் லாகை எழுதித் தள்ளுகிறது, அதைப் பிடியுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் ஓர் ஓட்டு வீடு

ஃபோட்டோவுக்கும் சினிமாவுக்கும் ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் அத்தனையையும் எடுத்து அடுக்க வேண்டும். தனி டிஸ்க்காகச் சினிமா போட்டுவைக்க அது பரவாயில்லை. இசட்எஃப்எஸில் ஒரு டிஸ்க் செத்து, புதியதில் நகலெடுக்கும்போது நாள்கணக்கில் இழுக்கும். சிலசமயம் பதில் வராமல் டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும்.

2020இல் இது பெரிய சண்டையாக வெடித்தது. நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கென்று விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதன்பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் ப்ளஸ் என்று பிரித்தார்கள். ஆக 'ரெட்' என்று மட்டும் இருந்தால் வேண்டாம், 'ப்ளஸ்' இருக்க வேண்டும். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர், பாராகுடா 3.5 இஞ்சில் பல மாடல்கள் எஸ்எம்ஆர். லேப்டாப் அளவு 2.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபிக்கு மேல் போனால் ஏறக்குறைய எல்லாமே எஸ்எம்ஆர்.

இரண்டு டிஸ்க் வாங்கி மிரர் போடுங்கள், அதாவது இரண்டிலும் ஒரே தரவு. முடிந்தால் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள், ஒரே தொகுப்பில் வந்தவை ஒன்றாகவே மூப்படையலாம். 3.5 இஞ்ச் டிஸ்க் ஒன்று சும்மா சுற்றுவதற்கே ஏறக்குறைய 5 வாட். இரண்டுக்கும் சேர்த்து, இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும்.

இசட்எஃப்எஸா, எல்விஎம்-தின்னா?

விஎம்களுக்கு டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்க இவை இரண்டு வழிகள். ஒரே டிஸ்க், 16 ஜிபி ரேம் என்றால் எல்விஎம்-தின். இரண்டு டிஸ்க் இருந்தால் இசட்எஃப்எஸ் மிரர். பிட் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்து மற்ற டிஸ்க்கிலிருந்து சரிசெய்வது அதன் பெரிய பலம். எல்விஎம்-தின்னில் ஒரு பள்ளம் இருக்கிறது: இருப்பதற்கு மேல் இடத்தைப் பங்குபோட்டுக் கொடுத்துவிடலாம், நிறையும்வரை ஒரு சத்தமும் வராது, நிறைந்த நொடியில் விஎம்கள் வரிசையாக நிற்கும். எதைத் தேர்ந்தாலும் விஎம் டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்ட்' பெட்டியில் டிக் போடுங்கள். போடாவிட்டால் விண்டோஸுக்குள் 40 ஜிபி அழித்தாலும் ஹோஸ்டுக்கு அது தெரியாது.

மின்சாரம்

இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு என்று நானும் கேட்டவன்தான். சில இன்வெர்ட்டர்கள் மாறிக்கொள்ள எடுக்கும் சில மில்லி நொடிகளை மினி பிசியின் அடாப்டர் தாங்கும். ஹார்ட் டிஸ்க் நிறைந்த டவர் சிலசமயம் தாங்காது. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்து, அதோடு பேசும் சாஃப்ட்வேரையும் ப்ராக்ஸ்மாக்ஸில் நிறுவினால், பேட்டரி குறையும்போது ப்ராக்ஸ்மாக்ஸே விஎம்களை முறையாக மூடிவிட்டு அணைந்துகொள்ளும்.

வாங்கிய அன்று

டிஸ்க் கைக்கு வந்ததும் விஎம் போட அவசரப்படாதீர்கள். முதலில் மெம்டெஸ்ட்86+ஐ யூஎஸ்பியில் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க ரேமைச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் குச்சி திரும்பிப் போக வேண்டும்.

டிஸ்க்குக்கு ஸ்மார்ட் தகவலில் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், கெட்டுப்போன பகுதிகளை எண்ணும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மணிநேரம் பூஜ்யமாக இருப்பது மட்டும் நம்பிக்கை தராது. 2025 தொடக்கத்தில், பழைய சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கை அழித்துப் புதியது என்று சிலர் விற்றது அம்பலமானது. அந்த டிஸ்க்குகளுக்குள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவில் உண்மையான மணிநேரம் அழியாமல் இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற கருவியின் 7.4 பதிப்பு முதல் அந்தப் பதிவைப் படிக்கலாம். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் ரசீதோடு கடைக்குக் கிளம்புங்கள். அப்புறம் முழு டிஸ்க்கையும் ஒரு முறை எழுதிப் படித்துப் பாருங்கள்; பெரிய டிஸ்க்குக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும், ஆகட்டும்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணிலும் கடைசி நான்கு எழுத்துகளையும் வாங்கிய தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, வெளியே தெரிகிற விளிம்பில் ஒட்டுங்கள். மிரரில் ஒன்று செத்ததும் எது என்று சாஃப்ட்வேர் சீரியல் எண்ணாகத்தான் சொல்லும். நான் ஒட்டவில்லை. ஒரே மாதிரி இரண்டு டிஸ்க், கையில் டார்ச், குத்துமதிப்பாக ஒன்றைப் பிடுங்கினேன். பிடுங்கியது நல்ல டிஸ்க்.